பாதியில் நின்ற பாட்டு

"தமிழ்ப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் பாட்டா?"

செல்வா அண்ணன் மேசையைத் தட்டினார். பாலர் பள்ளிக் கூட்டத்துக்கு வந்திருந்த நாங்கள் இருபது பெற்றோரும் தனேஸ்வரி டீச்சரையே பார்த்தோம்.

ஆண்டு விழாவில் ஆறு வயதுப் பிள்ளைகள் ஆட டீச்சர் எடுத்திருந்தது ஒரு வெள்ளைக்காரன் பாட்டு. துள்ளலாகத்தான் இருந்தது. கைதட்டலும் குதிப்புமாகப் பிள்ளைகள் வீட்டிலும் அதையேதான் ஆடின.

"ஆடி முடிச்சு லண்டனுக்கா போகப் போறாங்க? தஞ்சோங் காராங் பசார் மாலாம் ராத்திரிச் சந்தைக்குத்தான் போவாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். செல்வா அண்ணன் பெற்றோர் சங்கத் தலைவர். அவர் சிரிக்க வைத்தால் சிரித்துவிட வேண்டும்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "பிள்ளைங்களுக்கு நல்லா வருதுங்க அண்ணே. பாதிக்கு மேல பழகிட்டாங்க."

"தமிழ்ப் பாட்டு போட்டா வராதா?"



எனக்கு இருந்த கவலை வேறு. போன வருஷம் என் மகள் விஷாலினி பாதி ஆட்டத்தில் மேடையை விட்டு இறங்கி ஓடினாள். கூச்சம் என்றார்கள். நானும் ஆமாம் என்று சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு மேடை என்றாலே அழுவாள். இந்த வருஷம்தான், எத்தனையோ கெஞ்சலுக்குப் பிறகு, ஆடுகிறேன் என்றிருக்கிறாள். அதற்கும் ஒரு நிபந்தனை.

"அம்மா, முடியிற வரைக்கும் நீ உக்காந்தே இருக்கணும். சரியா?"

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

"இதைக் கேளுங்க. இது பாட்டு!" செல்வா அண்ணன் போனில் புதுத் தமிழ்ப் பாட்டு ஒன்றைப் போட்டார். உருமியோடு தொடங்கியது. லெட்சுமி அக்கா நாற்காலியிலேயே தோளைக் குலுக்கினார்.

தண்ணீர் குடிக்கப் போவதுபோல நான் எழுந்தேன். கதவுவரை போகவில்லை, அதற்குள் பாட்டு நின்றது.

டீச்சர் எட்டி, அண்ணன் கையிலிருந்த போனை நிறுத்தியிருந்தார்.

"என்னா டீச்சர் இது!"

"போதும் அண்ணே. பாட்டை மாத்த முடியாது."

மண்டபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"மரியாதை தெரியுதா பாரு."

"நம்ம பாட்டுன்னா இவங்களுக்கு இளக்காரம் லா," என்றார் லெட்சுமி அக்கா. மெல்லத் திரும்பி வந்து உட்கார்ந்த என்னைப் பார்த்துச் சிரித்தார். "பிரமிளாவுக்கு வேணும்னா பிடிக்கும். கான்வென்ட்ல படிச்சவளாச்சே!"

"தமிழ்ப் பாட்டு வேணுங்கிறவங்க கையைத் தூக்குங்க," என்றார் அண்ணன்.

எல்லாக் கையும் எழுந்தது. லெட்சுமி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தூக்கினேன்.

டீச்சர் ஒவ்வொரு கையாகப் பார்த்தார். என் கையில் கொஞ்சம் நின்று நகர்ந்தார்.

"பாட்டை மாத்தினா நான் பழக்கமாட்டேன். வேற ஆளைப் பாத்துக்குங்க."

விழாவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. வேறு ஆள் எங்கே கிடைக்கும்? செல்வா அண்ணன் பல்லைக் கடித்தார்.

"சரி, இந்த வருஷம் உங்க இஷ்டம். அடுத்த வருஷத்துக்கு நாங்க வேற டீச்சரைப் பாத்துக்கிறோம்."

"சரிங்க அண்ணே."

அவ்வளவுதான் சொன்னார். நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

எல்லோரும் போன பிறகு மண்டபத்தின் பின்பக்கம் போனேன். டீச்சர் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"டீச்சர்... நானும் கையைத் தூக்கிட்டேன்."

"பாத்தேன். நல்லதுதான். நீங்க மட்டும் தூக்காம இருந்திருந்தா ஏன்னு நோண்டியிருப்பாங்க."

"காரணத்தைச் சொல்லியிருக்கலாமே? வேலையே போயிடுச்சே."

"சொன்னா யாருக்காகன்னு கேப்பாங்க."

"யாருக்காக?"

டீச்சர் குழாயை மூடினார்.

"போன வருஷம் விஷாலினியைத் தேடிக்கிட்டு இங்கதான் வந்தேன் பிரமிளா. இந்தக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு, முடியெல்லாம் அவுந்து, நீங்க ஆடிக்கிட்டு இருந்தீங்க. பிள்ளை உங்க காலைக் கட்டிக்கிட்டு அழுதுச்சு."



கல்யாணமாகி இந்தத் தோட்டக் குடியிருப்புக்கு வந்த வருஷம், மாரியம்மன் திருவிழாவில் உருமி அடித்தபோது முதல் தடவை எனக்கு அருள் வந்தது. கோயிலில் வந்தால் கும்பிடுவார்கள். மண்டபத்தில் வந்தால் போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள். அந்தப் பயத்தில்தான் அன்றைக்குப் பாதியில் எழுந்து ஓடினேன். நான் ஓடுவதை மேடையிலிருந்து விஷாலினி பார்த்துவிட்டாள். இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

"நான் போய் செல்வா அண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன் டீச்சர்."

"வேணாம். சொன்னா, விழா அன்னைக்குப் பிள்ளைங்களை விட்டுட்டு எல்லாரும் உங்களையே பாத்துக்கிட்டு இருப்பாங்க."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. டீச்சர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"பிள்ளைங்க ஆடுற மாதிரி தமிழ்ப் பாட்டு பதினாலு கேட்டேன். எல்லாத்துலயும் எங்கயாச்சும் ஒரு இடத்துல உருமி வந்துடுது. இதுல இல்ல. நீங்க முன்வரிசையிலயே உக்காருங்க."