கொஞ்சினால் பட்டியலில் பெயர் ஏறும்

கல்லீரல் மாற்று மருத்துவமனைக்காரர்கள் தனக்கோடியின் வீட்டுக் கூடத்தில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். நோயாளியைக் கவனிக்க அன்பான ஆள் உண்டா என்று அது தொண்ணூறு நாள் ஒட்டுக்கேட்கும். அதில் தேறினால்தான் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறும்.

முதல் வாரமே, உப்பு ஆகாத நோயாளி தனக்கோடி ஊறுகாய் ஜாடிக்குள் கைவிட்டார். "எக்கேடும் கெட்டுப் போங்க!" என்று கத்தினாள் மனைவி சௌந்தரவல்லி. 'கவனிக்க ஆள் இல்லை. மறுமுறை இப்படிப் பேசினால் விண்ணப்பம் தள்ளுபடி' என்று அவள் கைப்பேசிக்கு எச்சரிக்கை வந்தது.

முப்பது வருஷமாகத் திட்டித்தான் சோறு போட்டிருக்கிறாள். அந்தத் தகர டப்பாவுக்கு அது விளங்குமா? பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒரு வாய் சாப்பிடுங்க, என் ராசா" என்று குழைந்தாள்.

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். நான்கே நாளில் பாதியாக இளைத்தார்.

"டாக்டர் கைய விரிச்சிட்டாரா வல்லி? மறைக்காத. இல்லேன்னா நீ ஏன் இப்படிப் பேசப்போற?"

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவரைக் குளியலறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தி, குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.

"அந்த டப்பாவுக்குப் பயந்து கொஞ்சினா, அதுக்குள்ள பாடை கட்டுறீங்களா? உங்களக் கட்டிக்கிட்டு அழணும்னு என் தலையெழுத்து! போய்த் திங்கிறீங்களா, வாயில திணிக்கவா?"

தனக்கோடியின் முகம் தெளிந்தது. கூடத்துக்கு வந்து, "இன்னும் ரெண்டு வை" என்று கேட்டு வாங்கி நான்கு இட்லி சாப்பிட்டார்.

கைப்பேசி ஒலித்தது. 'கனிவான பேச்சால் நோயாளிக்குப் பசி திரும்பியுள்ளது. இப்படியே தொடரவும்.'