ஈரம் புகாத கொட்டகை

"இதுக்குப் பேர் வேலையா, டுவேன்? நீயே எட்டிப் பாரு."

வெர்லின் ஹாகன் தன் கார் கொட்டகைக்குள் நின்ற பச்சை நிற செவர்லே காரின் கதவைத் திறந்து காட்டினான். ஐம்பத்தேழாம் வருஷத்துக் கார். உள்ளே கண்ணாடி முழுக்க முத்து முத்தாக நீர் பூத்திருந்தது.

முதலில் அது கம்பம் நட்டுத் தகரம் அடித்த சாதாரணக் கொட்டகைதான். அயோவா மாநிலத்துக் குளிரில் அப்படியே விட்டால் கூரைத் தகரம் உள்பக்கமாக வேர்த்து, கார்களின் மேல் சொட்டும். வெர்லினுக்கு அது பொறுக்குமா? குளிர் உள்ளே வராதபடி, அடித்ததும் இறுகிப்போகும் நுரையைச் சுவரெல்லாம் அடித்து மூடினான். மண் தரையில் காங்கிரீட் போட்டு, அதற்குள் வெந்நீர்க் குழாய் ஓட விட்டான். காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்ச ஒரு மெஷின் வேறு. எல்லாம் டுவேன் செய்துகொடுத்த வேலை.

டுவேன் ஈரம் பார்க்கும் கருவியோடு ஒரு சுற்று சுற்றி வந்தான்.

"சுவர் காய்ஞ்சிருக்கு. கூரை காய்ஞ்சிருக்கு. மத்த கார் எல்லாமே காய்ஞ்சிருக்கு. இதுல மட்டும்தான் இருக்கு, அதுவும் உள்பக்கம்."

"அதைத்தானே நானும் கேக்கறேன்! ரெண்டு வாரமா தினம் காலையில துடைச்சிட்டுத்தான் வேலைக்கே போறேன். சனிக்கிழமை பழைய கார் சங்கத்து ஆளுங்க பார்க்க வர்றாங்க. சீட்டுல பூஞ்சை பிடிச்சா யாரு பதில் சொல்றது? நீயா?"

வெர்லினின் மனைவி ஆர்லிஸ் காபி கொண்டு வந்தாள்.

"ஆர்லிஸ், நீயே பாரு இந்த லட்சணத்தை."

"பரவாயில்லை வெர்லின். துடைச்சாப் போயிடும்."

"இவகிட்ட போய்க் கேட்டேன் பாரு. வீடே இடிஞ்சு தலையில விழுந்தாலும் பரவாயில்லைன்னுதான் சொல்லுவா."

டுவேன் காபியை வாங்கிக்கொண்டான். "வீடுன்னதும் ஞாபகம் வருது. அந்த வடக்கு ரூம் சுவர்ல பூஞ்சை கருகருன்னு ஏறிக் கிடக்கே. அதை எப்போ பார்க்கப் போறே? ஆர்லிஸ் வேற இருமிக்கிட்டே இருந்தாங்களே."

"அட, நீ வேற. காய்ஞ்ச ரூம்ல, கதகதப்பாப் படுக்கணும்னு டாக்டர் சொன்னாராம். அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு. ராத்திரி பூரா இவ இருமினா நான் காலையில எப்படி லாரி ஓட்டறது? அதான் வடக்கு ரூம்ல போய்ப் படுன்னுட்டேன். இப்பல்லாம் ஒரு சத்தம் கிடையாது. தானா வந்துது, தானா போச்சு."

வெர்லின் காரின் கூரையை வாஞ்சையாகத் தடவினான். "மனுஷங்க தாங்குவாங்கப்பா. இது தாங்காது. வயசான வண்டி, பாவம். கொஞ்சம் ஈரம் பட்டாலும் துரு ஏறிடும்."

ஆர்லிஸ் அவன் கையிலும் காபியைக் கொடுத்தாள்.

"இங்க பாரு டுவேன். நாளைக்குக் காலையில ஊர்க்காரங்க எல்லாரும் தானியக் கிடங்குல காபிக்கு உட்காருவோம். உன் வேலை எப்படின்னு கட்டாயம் கேப்பாங்க. வித்தியாசமா இருக்குன்னு சொல்லிடறேன்."

டுவேனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த ஊரில் யாரும் எதையும் மோசம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வித்தியாசமா இருக்கு என்பார்கள். அதற்கு மேல் அங்கே வசவு கிடையாது. அந்த ஒரு சொல் காபி மேசையைச் சுற்றி வந்துவிட்டால், அப்புறம் ஒரு கம்பம் நடக்கூட அவனை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"வேண்டாம் வெர்லின்," என்றான் மெதுவாக. "நான் நுரையைப் பிரிச்செடுத்துட்டு முழுசா மறுபடி அடிச்சுக் குடுக்கறேன்."

"அவரை எதுவும் சொல்லாதே," என்றாள் ஆர்லிஸ். "சுவர்ல ஒரு குறையும் இல்லை. அது என் மூச்சு."

"என்னது?" வெர்லின் அவள் பக்கம் திரும்பினான்.

"நீ தூங்கினதும் இங்க வந்துடறேன். கண்ணாடியெல்லாம் ஏத்திவிட்டுட்டு அந்தப் பின் சீட்டுல படுத்துக்கறேன். இங்க படுத்தா இருமலே வரலை. விடியறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவேன்."

டுவேன் தலையைக் குனிந்துகொண்டு கருவியை உறைக்குள் போட்டான். ஆர்லிஸ் புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன் என்கிட்ட சொல்லலை என்று ஒரு வார்த்தை கேட்பான் என்று நினைத்தாளோ என்னவோ.

வெர்லின் அவளைப் பார்த்தான். குனிந்து பின் சீட்டைத் தடவிப் பார்த்தான். துணி எங்கும் கிழியவில்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டான்.

"அப்பாடா. இவ்வளவுதானா விஷயம்? கூரைதான் ஒழுகுதோன்னு நான் பயந்தே போயிட்டேன்." டுவேனின் தோளில் தட்டிக்கொடுத்தான். "உன் வேலை சுத்தம்ப்பா. நாளைக்கே நாலு பேர்கிட்ட சொல்றேன்."

பிறகு மனைவியின் பக்கம் திரும்பினான். குரல்கூடக் கனிவாகத்தான் இருந்தது.

"நீ படு, நான் வேண்டாங்கலை. கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கி விட்டுட்டுப் படு. வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் வராதே. மறுநாள் ஆளுங்க வர்றாங்க, சீட்டு அமுங்கியிருந்தா நல்லா இருக்காது."

அவள் பரவாயில்லை என்பாள் என்று வெர்லின் காத்திருந்தான்.

ஆர்லிஸ் காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"வெர்லின், நீ ரொம்ப வித்தியாசமான மனுஷன்," என்றாள்.