முன்னால் போனவள்

பக்கவாதத்தில் கால் விழுந்த பிறகு சொக்கம்மாள் கடைக்குப் போவதை மகன் தினகரன் நிறுத்திவிட்டான். பார்த்துக்கொள்ள வரும் ஷாரோனே சாமான் வாங்கி வரட்டும் என்றான்.

"எனக்குக் கத்திரிக்கா நான்தான் பொறுக்குவேன்" என்று சொக்கம்மாள் சக்கர நாற்காலியைத் தள்ளச் சொல்லி உத்திரமேரூர் மார்க்கெட்டுக்கே வந்துவிட்டாள்.

காய்கறிக்காரர் விழித்தார். "இன்னாக்கா, இப்பத்தானே வாங்கிக்கினு போனே? நடந்து வந்தியே!"

"வேற யாரையாவது பார்த்திருப்பீங்கண்ணா" என்றாள் ஷாரோன்.

மளிகைக் கடைக்காரரும் அதையே சொன்னார். இதே பச்சைப் புடவைதான் என்றார். ஷாரோன் நாற்காலியைத் திருப்பினாள்.

"வூட்டுக்குப் போயிடலாம்மா."

"நான் இன்னாத்துக்குப் போவணும்? என் காலை எடுத்துக்கினு அவ சுத்தறா. நீ தள்ளு."

மீன் கடை முனையில் பச்சைப் புடவை தெரிந்தது. கையில் நிறைந்த பை. வலது தோள் சற்றே சாய்ந்த, சொக்கம்மாளின் பழைய நடை.

"ஏய், நில்லுடி!" என்று சொக்கம்மாள் கத்தினாள்.

அவள் திரும்பினாள். சொக்கம்மாளின் முகம்தான். அதில் பயம் இருந்தது. பையை அப்படியே போட்டுவிட்டு ஓடத் தொடங்கினாள்.

"விடாதே" என்றாள் சொக்கம்மாள். ஷாரோன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினாள்.