இழுப்பறைச் சாவி

தூக்குக் கைதி சூசைமுத்துவின் கருணை மனுவை நிராகரிக்கச் சொல்லி மந்திரிசபை அனுப்பிய கோப்பை, குடியரசுத் தலைவர் சடகோபன் ஒருமுறை திருப்பி அனுப்பினார். ஒரு கமாகூட மாறாமல் அது மறுபடி வந்தது.

"இனி நீங்க கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும், ஐயா," என்றார் செயலாளர் தில்லைநாயகி. "ஆனா எத்தனை நாளைக்குள்ளன்னு சட்டத்துல இல்ல."

முப்படைக்கும் தலைவரான அந்த மனிதருக்கு மிஞ்சிய அதிகாரம் அது ஒன்றுதான். கோப்பை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். குளிக்கும்போதுகூட அவிழ்க்காமல் நாலு வருஷம் ஓர் உயிரைக் காப்பாற்றி வந்தார்.

இன்று சிறையிலிருந்து சூசைமுத்துவின் கடிதம் வந்திருந்தது.

"ஐயா, விடியக்காலம் யாராவது பூட்ஸ் சத்தத்தோட நடந்தா ட்ரவுசர்லயே ஒண்ணுக்குப் போயிடுறேன். நாலு வருஷமா தெனமும் இப்படித்தான். தூக்குல போடுங்க, இல்ல உசுரோட விடுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க, சாமி."

அவரால் சொல்ல முடிந்தது அதில் ஒன்றே ஒன்றுதான்.

சடகோபன் சட்டையைத் தூக்கி, அரைஞாணில் தொங்கிய சாவியைப் பிடித்தார். முடிச்சு இறுகிப்போய் நகத்துக்கு அசையவில்லை.

"தில்லைநாயகி, ஒரு கத்தரிக்கோல் கொண்டாங்கம்மா," என்றார்.