கை கொடுத்த ஊர்

"சார், கயித்துக்கு நேரா நிக்காதீங்க. அறுந்துச்சுன்னா காலு துண்டாப் பூடும்."

"என் காலை நான் பாத்துக்கறேன். நீ மிஷினைப் பாரு," என்றார் காண்ட்ராக்டர் தேவதாஸ். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். ஓர் அங்குலம் நகரவில்லை.

லைட்ஹவுஸ் குப்பத்துத் தெருவுக்கு அடியில் புதைத்த குழாய் வழியாக, கயிற்று நுனியில் கட்டிய கரண்ட் கேபிளை இழுக்கும் வின்ச் மிஷின் அது. அதை ஓட்டுபவன் ஆல்வின். கேபிள் உருளை கடற்கரை ஓரம், தெரு வளைவுக்கு அப்பால் இருந்தது. இங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது.

பாரம் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது.

"வளைவுல இறுகுது சார். நிறுத்திப் பாத்துடலாம்."

"நிறுத்தினா நாளைக்கு வேலைக்கு வராத." தேவதாஸ் போனை எடுத்தார். அந்த முனையில், கேபிள் உருளைப் பக்கம், முத்துராஜ். கரைவலை இழுக்கும் உள்ளூர்க்காரன், காலையில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். "முத்துராஜு, டைட்டா கீது. நாலு பேரைக் கூப்ட்டுக் கை குடுக்கச் சொல்லு."

"கயித்துல கை வெச்சவனுக்குப் பங்கு உண்டு சார், எங்க ஊர்ல."

"எல்லாருக்கும் பிரியாணி. போதுமா?"

சற்று நேரத்தில் முள் சிவப்பைத் தாண்டியது. கயிறு முறுக்கேறி முனகியது.

"பத்தலடா, இன்னும் ஆளைக் கூப்புடு," என்று தேவதாஸ் போனில் கத்தினார். முள் இன்னும் ஏறியது.

ஆல்வின் முள்ளையும் தேவதாஸின் காலையும் மாறிமாறிப் பார்த்தான். நிறுத்தினால் வேலை போகும். நிறுத்தாவிட்டால் இந்த மனுஷனின் காலே போகும். வேலை போனால் மனைவி ரோஸ்மேரி நாலு நாள் பேசமாட்டாள், அவ்வளவுதான். காலை யார் ஒட்டவைப்பது? மிஷினை நிறுத்திவிட்டு, கயிற்றை மெல்லத் தளர்த்தினான்.

"உன் சோத்துல நீயே மண்ணைப் போட்டுக்கின," என்றார் தேவதாஸ்.

அவர் வாய் மூடுவதற்குள், தளர்ந்த கயிறு அவர் கால்களுக்கு நடுவே ஊர்ந்து, வந்த வழியே குழாய்க்குள் திரும்பிப் போக ஆரம்பித்தது.

போன் அடித்தது. பின்னால் ஒரு கூட்டமே ஐலசா போட, முத்துராஜ் மூச்சு வாங்கினான்.

"சார், இன்னா பண்ணீங்க? இப்பத்தான் லேசா வருது. வலை மாதிரி ரெண்டு பக்கமும் சமமா இழுக்கணும்னு நாப்பது பேரை இந்தப் பக்கம் நிக்க வெச்சுக்கீறேன். உள்ள போன கேபிள்லாம் வெளிய வந்துடுச்சு, பிரியாணி சொல்லிடுங்க."