வாபஸ்

“பாரம்பரியக் கட்டடப் பட்டியல்ல இருந்து எங்க வீட்டை எடுத்துடுங்க சார். நடக்க முடியாத என் மனைவி மாடியிலேயே முடங்கிக் கிடக்கா. ஒரு லிஃப்ட் வைக்கக்கூட விடமாட்டேங்கறீங்களே!”

அண்ணன் கெஞ்ச, தம்பி தரையைப் பார்த்தபடி நின்றான்.

“சேர்க்கச் சொல்லி மனு கொடுத்தவரே எழுதிக் கொடுத்தா இன்னைக்கே எடுத்துடலாம்” என்றார் அதிகாரி.

“எந்தப் பாவி சார் அது?”

“பேரைச் சொல்லக் கூடாது. எட்டு வருஷத்துக்கு முன்னாடி கொடுத்திருக்கார்.”

அண்ணன் தம்பி பக்கம் திரும்பினார். “நான் வீட்டை விக்கணும்னு, நீ கூடாதுன்னு சண்டை போட்ட சமயம்டா! நடுவுல எவனோ குளிர் காஞ்சிருக்கான். வா, தேடிப் பிடிச்சு அவன் கால்லயாவது விழறேன்.”

தம்பி நகரவில்லை. தலை நிமிராமலே கையை நீட்டினான்.

“அண்ணா... உன் பேனாவைக் கொஞ்சம் குடு.”