வழி மட்டும் காட்டினால் போதும்

“பேசாத பொட்டி எதுனா இருக்குதாங்க?”

கார் உதிரிப் பொருள் கடை தமிழழகன் நிமிர்ந்து பார்த்தார். கேட்டவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். காக்கிச் சட்டை. விரலில் வேன் சாவி.

“இன்னா பொட்டி?”

“வழி காட்டுமே, வண்டியில மாட்டுறது. என் பேரு தனசேகரன்ங்க. வடக்கனந்தல். வேன் ஓட்டுறேன்.”

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் கடை. கல்வராயன் மலைக்குப் போகிற வண்டிகள் அந்த வழியாகத்தான் போகும். தமிழழகன் அகலமான திரை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இத டேஷ்போர்டுலயே பதிச்சிடலாம். மலையில டவர் இல்லன்னாலும் வழி காட்டும். தமிழ்லயே பேசும். பின்சீட்டுல குந்தினு இருக்கறவங்களுக்கும் பளிச்சுன்னு தெரியும்.”

“பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியக் கூடாதுங்க.”

நாற்காலியில் இருந்த அரிசி மண்டி அருள்மொழி டீ கிளாஸை இறக்கினார். அவருடைய புதுக் காருக்கு அதே மாதிரித் திரையைத்தான் கடை வாசலில் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் தெரியக் கூடாது? சுத்திக் கூட்டினு போயி கிலோமீட்டர் ஏத்தவா?”

தனசேகரன் அந்தத் திரையை மேசையோரமாக நகர்த்தி வைத்தார்.

“அப்போ போனே போதுமே” என்றார் தமிழழகன்.

“போன் பேசுதுங்க.”

“வாய அமுக்கி வையி.”

“அமுக்கித்தான் வச்சேன். மேல டவர் போயிட்டு வந்துச்சின்னா, அதுவா மறுபடி பேச ஆரம்பிச்சிடுது. மொத்தமா சத்தத்த எடுத்துட்டா ஓனர் கூப்புடுறது கேக்காது.”

“மலையில எந்த ஊருக்குப் போற?”

“வெள்ளிமலைக்கு அந்தாண்ட. ஒரு தரம் போன ஊருக்கு மறுதரம் போறதில்ல. உள்ள இருக்கற சின்னச் சின்ன ஊருக்கெல்லாம் எனக்கு வழி தெரியாது.”

“வண்டியில ஏறுறவங்க அந்த ஊருக்காரங்கதான? அவங்கள கேட்டா சொல்லிட்டுப் போறாங்க.”

“அவங்கள கேக்க முடியாதுங்க.”

“ஏன், கேட்டா வாய் வலிக்குமா?” என்றார் அருள்மொழி. “எத்தினி மணிக்குப் போய்ச் சேருவோம்னு தெரிஞ்சிக்கத்தான் நானே இத மாட்டுறேன்.”

“அந்த மணியும் காட்டக் கூடாதுங்க. இன்னும் எவ்ளோ தூரம்னும் காட்டக் கூடாது.”

கடையில் இருந்த இருவரும் சிரித்துவிட்டார்கள்.

“பேசக் கூடாது. தூரம் காட்டக் கூடாது. ஏறுன ஆளுங்க பாக்கக் கூடாது” என்று அருள்மொழி விரல் மடக்கினார். “பாவம் மலை ஜனங்க. அதுங்கள ஏமாத்துறதுக்கும் ஒரு மிஷின் வந்துடுச்சு பாரு.”

தனசேகரனின் போன் அடித்தது. திரும்பி நின்று தணிந்த குரலில் பேசினார்.

“தோ, கெளம்பிட்டேங்க. அவங்கள அவசரப்படுத்தாதீங்க. கொஞ்ச நேரம் அப்டியே இருக்கட்டும்.”

போனைப் பையில் போட்டுக்கொண்டு மேசையருகே வந்தார்.

“இன்னிக்கும் மேல போவணுங்க. போன வாரம் மாதிரி இன்னொரு தரம் போவ என்னால ஆவாது. இருந்தா குடுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க.”

தமிழழகன் கீழ்த்தட்டில் கைவிட்டுத் துழாவினார். உள்ளங்கை அளவில் பழைய கருவி ஒன்று வந்தது. தூசியைத் துடைத்து முடுக்கினார். மங்கலான திரையில் ஒரு கோடு, ஒரு அம்புக்குறி.

“மலையேறுறவங்க கையில வச்சிக்கினு நடக்குறதுக்கு. யாரோ சொன்னாங்கன்னு வரவழைச்சேன், வாங்கிக்க வரல. டவர் தேவையில்ல. தூரத்த மறைச்சிடலாம். இதுக்கு வாயே கெடையாது. ஆனா போன்ல இருக்கற வசதியில கால்வாசி கூட இதுல இல்ல. அப்புறம் வந்து என்னைக் கேக்கக் கூடாது.”

“இதாங்க வேணும்.”

“வண்டிய கடை முன்னாடி கொண்டா. ஸ்டாண்டு வச்சி மாட்டித் தரேன்.”

“வேணாங்க. யாவாரம் நடக்குற எடம். அந்தப் புளியமரத்தாண்ட நிறுத்தியிருக்கேன்.”

“வண்டியையும் ஒளிச்சித்தான் வச்சிருக்கான்” என்று முணுமுணுத்தபடி அருள்மொழியும் கூடவே நடந்தார்.

மரத்தடியில் ஒரு வெள்ளை வேன் நின்றது. கதவிடுக்கில் காய்ந்த சாமந்தி இதழ்கள். பக்கவாட்டில் நீல எழுத்தில் ‘அமரர் ஊர்தி’ என்று எழுதியிருந்தது.

தமிழழகனின் கை திருப்புளியோடு நின்றது. அருள்மொழி செருப்பைக் கழற்றிவிட்டார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை.

“ஸ்டியரிங்குக்குக் கீழ வச்சிடுங்க. எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்” என்றார் தனசேகரன்.

தமிழழகன் திருகாணியை முடுக்கினார். கடைசித் திருகாணி இறுகியதும் தனசேகரனே சொன்னார்.

“போன வாரம் ஒரு பொண்ணுங்க. அதோட மூணு வயசுப் புள்ள. பெட்டியில படுக்க வைக்க மாட்டேன்னு மடியிலயே வச்சிக்கினு வந்துச்சு. போன் பத்து கிலோமீட்டர்னு சொல்லிச்சு. அப்புறம் அஞ்சுன்னுச்சு. அது சொல்லச் சொல்ல இந்தப் பொண்ணு புள்ளய இறுக்கிக்கினே வந்துச்சு. ரெண்டுன்னு சொன்னதும் என் தோளத் தொட்டுக் கேட்டுச்சுங்க. ‘அண்ணா, அத சும்மா இருக்கச் சொல்லுங்க. வூடு வந்துட்டா எங்கிட்டயிருந்து புள்ளய வாங்கிடுவாங்க.’”